பெரியம்மாவுக்குத் தொண்ணூறு போதும்!

"அம்மாவுக்கு ஆக்ஸிஜன் வெச்சிருக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிரு" என்று உப்பூரிலிருந்து அண்ணன் போன் செய்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'பார்த்துட்டுப் போயிரு' என்ற பேச்சுக்கு நம் குடும்பங்களில் என்ன அர்த்தம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிரவே சென்னையில் ரயில் ஏறிவிட்டேன். பெட்டியில் புடவைகளை எடுத்து வைக்கும்போது, பதினாறு நாள் தங்க வேண்டியிருக்குமோ என்று ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ராமநாதபுரத்தில் இறங்கித் தொண்டி பஸ்ஸைப் பிடித்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி, திருப்பாலைக்குடி தாண்டி, உப்பூர். பெயரிலேயே உப்பை வைத்துக்கொண்டிருக்கும் ஊர். இங்கே வெயிலுகந்த விநாயகர் என்று ஒரு பிள்ளையார் இருக்கிறார். மற்ற ஊர்ப் பிள்ளையார்கள் அரச மரத்து நிழலில் சுகமாக வீற்றிருக்க, ராமநாதபுரத்து வெயிலையே எனக்குப் பிடித்தது என்று சொன்ன பிள்ளையார் இவர் ஒருவராகத்தான் இருக்கும். சேதுவுக்குப் போகும் வழியில் ராமபிரான் இவரை வணங்கிச் சென்றதாக ஐதீகம். பஸ்ஸில் இருந்தபடியே நானும் ஒரு கும்பிடு போட்டு, பெரியம்மா கண் திறந்து என்னை ஒரு முறை பார்த்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டு வாசலுக்குப் போனால், பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்!

மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு மெல்லிய குழாய். அது இரண்டு காதையும் சுற்றி, கழுத்துக்குக் கீழே ஒன்றாகி, நிலைப்படி தாண்டி, கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்குள் போயிற்று. "வந்துட்டியாத்தா? என்ன, மூஞ்சியெல்லாம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் பெரியம்மா. பக்கத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் குவிந்து கிடந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து 'பார்த்துவிட்டுப் போன' அடையாளம். "எல்லாரும் வர்றாளுக, என்னையப் பார்க்குறாளுக, கண்ணைத் துடைச்சுக்கிறாளுக. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் கீரையில் கையை வைத்தாள்.

அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிராண வாயு வைத்துவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டினார்கள். போதாக்குறைக்கு 2021-ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸுகள் வரிசையாக நின்றதை யார் மறக்க முடியும்? 2018-ல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைப் பிராண வாயு தயாரிப்பதற்காக மட்டும் திறக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி அனுமதி கொடுத்தது. வங்காளத்து துர்காபூரிலிருந்து தண்டையார்ப்பேட்டைக்குத் திரவப் பிராண வாயு ரயிலில் வந்தது. ரயில் ஏறி வரும் அளவுக்கு மூச்சு விலையேறிப் போன காலம் அது. அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

ஆனால் பெரியம்மா வீட்டில் நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு. பயம் எவ்வளவு தப்போ, அதைவிடத் தப்பு ஆசை. அந்தப் பாடத்தைக் கற்க நான் ஒரு குற்றம் செய்ய வேண்டியிருந்தது. சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு வந்திருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. டாக்டர்கள் சுருக்கமாக ஸி.ஓ.பி.டி. என்கிறார்கள். அவள் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை, சுருட்டைத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் அடுப்பைத்தான். பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள், நாற்பது வருஷத்துக்கு மேல் சீமைக் கருவேல விறகை ஊதி ஊதி எரித்திருக்கிறாள். இந்த ஜில்லாவில் மழை பெய்கிறதோ இல்லையோ, சீமைக் கருவேலம் முளைக்கும். காசில்லாமல் கிடைக்கும் விறகு, நின்று எரியும். ஜன்னல் இல்லாத அடுப்படியில் மூன்று வேளையும் அந்தப் புகையைக் குடித்ததற்கு நுரையீரல் இப்போது கணக்குக் கேட்கிறது.

இது பெரியம்மா ஒருத்தியின் தலையெழுத்து அல்ல. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளின் புகையை வருஷக்கணக்காக அளந்து வந்திருக்கிறார்கள். திருவள்ளூர் ஜில்லாவில் புகை பிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமாகவே இந்த நோய் இருந்தது. 'ஆம்பிளைங்க சிகரெட் நோய்' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அடுப்படியிலும் குடியிருக்கிறது.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். கூடத்துப் பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அதனுள்ளே ஒரு சின்ன உருண்டை மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் திருகு. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அளவு, நிமிஷத்துக்கு 2 லிட்டர். அண்ணி, விரலில் கவ்விக்கொள்ளும் சின்ன மீட்டரைப் பெரியம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டிக் காட்டினாள். 89 என்று காட்டிற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. 2021-ல் எல்லோரும் மனப்பாடம் செய்த பாடம் என்ன? 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்பதுதானே! அண்ணனும் அண்ணியும் தெரியாத்தனமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். காலேஜில் படித்தவள் அல்லவா? சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் திருகைத் திருகி உருண்டையை 5-க்கு ஏற்றினேன். கால் மணி நேரத்தில் மீட்டர் 97 காட்டிற்று. பரீட்சையில் நானே முதல் வகுப்பில் தேறியது போல் ஒரு சந்தோஷம்!

இரவு சாப்பிடக் கூப்பிட்டபோது பெரியம்மா "தலை வலிக்குது, அப்புறம் பார்ப்போம்" என்று படுத்துவிட்டாள். முகம் சிவந்து, சூடாக இருந்தது. நல்ல தூக்கம் என்று விட்டுவிட்டோம். பத்து மணிக்கு எழுப்பினால், என்னை என் அம்மாவின் பெயர் சொல்லி அழைத்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். மறுபடியும் கண் சொருகிவிட்டது. மீட்டரை மாட்டினேன், அது மட்டும் 97, 97 என்று சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் டாக்டருக்குப் போன் செய்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "திருகு எத்தனையில் இருக்கிறது?" என்பதுதான். பார்த்துவிட்டுச் சொன்னான். "குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள். பழையபடி 2-க்குக் குறையுங்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டுக் கொண்டு வாருங்கள்" என்றார் அவர். ராமநாதபுரம் போய்ச் சேரும் வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், பெரியம்மாவின் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிப்போயிருந்தது தெரிந்தது. முகமூடி மாட்டி மூச்சுக்கு உதவி செய்யும் யந்திரத்தில் அந்த ஒரு ராத்திரி வைத்தார்கள். விடியற்காலையில் கண் திறந்து, "கீரையைக் கடைஞ்சியா?" என்று கேட்டாள். நான் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"நல்ல எண்ணத்தில் செய்தீர்கள். இங்கே வருகிற பாதி வீடுகளில் இதே கதைதான்" என்று அந்த டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தி, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். அவர் சொன்னதையும், ஊருக்குத் திரும்பியபின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராண வாயு நூற்றுக்கு 21 பங்குதான். அதை நுரையீரலில் ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் வினியோகிப்பது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு இடங்களில் எத்தனையில் சரக்கு ஏறியிருக்கிறது என்பதுதான் விரல் மீட்டர் காட்டும் எண். திடமானவர்களுக்கு 95-லிருந்து 100 வரை இருக்கும்.

இந்த எண் இறங்கும் விதம்தான் வேடிக்கை. பாக் ஜலசந்திக் கடலில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? உப்பூர்ப் பக்கத்தில் எவ்வளவு தூரம் போனாலும் முழங்கால் ஆழம்தான். கடல்தானா இது என்று தோன்றும். ரத்தத்திலும் 100-லிருந்து 90 வரை அப்படித்தான். நுரையீரலில் பிராண வாயு நிறையக் குறைந்தாலும் எண் கொஞ்சம்தான் இறங்கும். 90 என்பது கரை முடிந்து பள்ளம் ஆரம்பிக்கும் இடம். அதற்கப்பால் ஓர் அடி எடுத்து வைத்தாலும் ஆழம் சட்டென்று வந்துவிடும். அதனால்தான் நமக்கு 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். 90-க்குக் கீழே என்றால் அவசரம்.

அப்படியானால் பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் 89 பற்றி டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை? கண்மாய்த் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிற குடியானவர், விளையாத களர் நிலத்துக்குப் போகும் மடையை அடைத்துவிடுவார் அல்லவா? நுரையீரலும் அதையே செய்கிறது. புகையால் கெட்டுப்போய்க் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போகும் மடையைச் சுருக்கிவிட்டு, நல்ல பகுதிகளுக்கே ரத்தத்தைத் திருப்புகிறது. வெளியிலிருந்து பிராண வாயுவை அள்ளிக் கொட்டினால் அந்த மடைகள் திறந்துகொள்கின்றன. ரத்தம் கெட்ட பகுதிக்கும் போகிறது. அங்கே கரியமில வாயுவை வெளியே கொண்டுபோகக் காற்றோட்டம் கிடையாது. போதாததற்கு, ஹீமோகுளோபின் பிராண வாயுவை ஏற்றிக்கொள்ளும்போது தன்னிடமுள்ள கரியமில வாயுவை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. மூச்சும் கொஞ்சம் மந்தப்படுகிறது. மொத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து சேர்ந்து மூளையை மயக்குகிறது. தலைவலி, முகச் சிவப்பு, தூக்கம், உளறல். பெரியம்மாவிடம் நான் பார்த்தது அத்தனையும்!

விரல் மீட்டருக்குக் கரியமில வாயு தெரியவே தெரியாது. அதனால்தான் 97 என்று சிரித்தது.

இம்மாதிரி நோயாளிகளுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும் என்பது டாக்டர்கள் வகுத்திருக்கும் எல்லை. இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் தாராளமாகவும், மறு பிரிவுக்கு 88-92 என்ற அளவிலும் பிராண வாயு கொடுத்துப் பார்த்தார்கள். தாராளமாகக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேர். 2010-ல் இது வெளியாயிற்று. அன்னதானம்போல் அள்ளிக் கொடுக்கிற சரக்கு அல்ல இது. ஜே. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி, முதல் உலக யுத்தத்தில் விஷப் புகையில் சிக்கிய சிப்பாய்களைக் கவனித்து, பிராண வாயுவை அளந்து கொடுக்க வேண்டும் என்று 1917-லேயே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் பிராண வாயுவே வேண்டாம்' என்று யாரும் குழாயைக் கழற்றிவிடாதீர்கள்! அளவோடு கொடுத்தால் அது ஆயுளைக் கூட்டுகிறது என்பதும் நிரூபணமான விஷயம். 1981-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பரிசோதனையில், பெரியம்மாவைப் போன்ற 87 நோயாளிகளில் 42 பேருக்கு வீட்டிலேயே நாளுக்கு 15 மணி நேரம் பிராண வாயு கொடுத்தார்கள். மற்ற 45 பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வருஷத்தில் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 19; கொடுக்காதவர்களில் 30. கணக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு, அப்புறம் ஆணியில் மாட்டிவிடுவதில் இந்தப் பலன் இல்லை.

அதேபோல், எல்லா மூச்சுத் திணறலுக்கும் யந்திரம் தேவையும் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் 738 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒன்றில், ரத்தத்தில் பிராண வாயு மிதமாகக் குறைந்தவர்களுக்கு வீட்டுப் பிராண வாயுவால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரி வாசமும் குறையவில்லை. ஓய்வாக இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே நிலைத்து நிற்பவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதை எழுதித் தருகிறார்கள். பக்கத்து வீட்டு மாமிக்கு இருக்கிறதே என்று நகையை அடகு வைத்து வாங்குகிற பொருள் அல்ல.

இவ்வளவுக்கும் காரணமான அந்த விரல் மீட்டரைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. ஜப்பானில் தகுவோ அயோயாகி என்று ஓர் எஞ்சினீயர். நிஹோன் கோடென் என்ற கம்பெனியில் வேலை. காது மடலில் வெளிச்சம் பாய்ச்சி, இருதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொல்லை, தொல்லை என்று அதை ஒழிக்க முயன்றவருக்கு, அந்தத் தொல்லைதான் புதையல் என்று ஒருநாள் பட்டது. துடிக்கிற ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால், நாடி ரத்தத்தில் எவ்வளவு பிராண வாயு என்று ஊசி குத்தாமலே சொல்லிவிடலாமே! 1974-ல் அதை வெளியிட்டார். உலகமெங்கும் ஜனங்கள் அந்த மீட்டரைத் தேடி அலைந்த 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

மீட்டர் கெட்டிக்காரன்தான், ஆனால் அவனுக்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. நகச்சாயத்தை அழித்துவிட்டு, மருதாணி இல்லாத விரலாகப் பார்த்து மாட்ட வேண்டும். விரல் ஜில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, அரை நிமிஷமாவது பொறுத்திருந்து எண்ணைப் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடும். மீட்டர் நன்றாகக் காட்டியும் ரத்தத்தில் குறைவாக இருந்தது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்காவில் கண்டார்கள். நம் தோலும் ஒன்றும் சந்தன நிறமல்ல. ஆகவே ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், ஆளையும் பார்க்க வேண்டும்.

கரிப்புகை விஷயத்தில் மீட்டர் நம்மை முழுக்க ஏமாற்றிவிடும். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகும். அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டால் மீட்டருக்கு அதுவும் பிராண வாயு போலவே தெரியும்; ஆள் சாய்ந்துகொண்டிருக்கும்போதும் 98 காட்டும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று மலை ஊர்களிலிருந்து செய்தி வருகிறதல்லவா, அந்த வாயுதான். கரிமூட்டம் போடுகிற ராமநாதபுரத்துக்காரர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் பெண்களுக்கு முக்கியமான இன்னொன்று, ரத்த சோகை. வண்டிகளில் எத்தனை நிறைந்திருக்கின்றன என்றுதான் மீட்டர் சொல்லும். எத்தனை வண்டி ஓடுகிறது என்று சொல்லாது. நூறு வண்டி ஓட வேண்டிய இடத்தில் ஐம்பதே ஓடினாலும், அந்த ஐம்பதும் நிறைந்திருந்தால் மீட்டர் 99 காட்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் மீட்டர் நன்றாகக் காட்டுகிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

'மீட்டர் எதற்கு? பிராண வாயு குறைந்தால் உடம்புக்கே தெரியாதா?' என்று கேட்கலாம். தெரியாது என்பதுதான் ஆச்சரியம். மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஒரு தவிப்பு வருகிறதே, அது பெரும்பாலும் பிராண வாயு குறைந்ததால் அல்ல. கரியமில வாயு சேர்ந்ததால். உப்பூரிலிருந்து தெற்கே, பாம்பன், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கக் கடலில் முங்குகிறார்கள். முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர்ச் செருப்பு. மற்றபடி அடக்கிய மூச்சுதான் துணை. அதே மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் முங்கினவர்களுக்கும் அதுவேதான் துணை. இப்படி முங்குகிறவர்கள் முங்கும் முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்தால் கரியமில வாயு வெளியேறிவிடும். தவிப்பு வரத் தாமதமாகும். தவிப்பு வருவதற்குள் பிராண வாயு தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். 2020-லும் 2021-லும் கொரோனா நோயாளிகள் சிலர் 80-ஐத் தொட்ட நிலையிலும் போனில் பேசிக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு இருந்தது இதனால்தான். கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருந்தது. ஆகவே உடம்பு மணியடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மாவோடு உப்பூர் திரும்பினோம். திருகுக்குப் பக்கத்தில் '2' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். "எனக்குத் தொண்ணூறு வந்தாப் போதும்டி. நூத்துக்கு நூறு வாங்கி நான் என்ன கலெக்டராவா ஆகப்போறேன்?" என்றாள் பெரியம்மா.

அடுத்த தகராறு வெள்ளிக்கிழமை வந்தது. யந்திரத்துக்கு நேர் எதிரே பூஜை மாடம். பிராண வாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் மூர்க்கமாக எரிய வைக்கும். குழாயிலிருந்து கசிந்தது புடவையிலும் தலைமுடியிலும் தங்கியிருக்கும். குத்துவிளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு எல்லாவற்றுக்கும் பத்தடி தள்ளியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "விளக்கேத்தாத வீடு ஒரு வீடா?" என்று பெரியம்மா ஒரே பிடிவாதம். கடைசியில் சாமி படத்தையும் விளக்கையும் வாசல் ரேழிக்குக் கொண்டுபோனோம். அண்ணி ஏற்றுவது, பெரியம்மா உள்ளேயிருந்தே கும்பிடுவது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

எண்ணெய் இன்னொரு வம்பு. தேங்காயெண்ணெய்க் கையோடு சிலிண்டர் வால்வைத் தொடக் கூடாது. மூக்கு வறள்கிறதே என்று வாஸ்லைன் தடவக் கூடாது. தண்ணீரில் கரையும் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது. யந்திரத்தோடு இருக்கும் ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். உப்பூர்க் கிணற்று நீரை ஊற்றினால் குப்பிக்குள்ளேயே உப்பு விளைந்துவிடும்!

அந்தப் பெட்டி செய்கிற காரியம் இதுதான்: அறைக் காற்றை உறிஞ்சி, ஜியோலைட் என்ற ஒரு வகைக் கல்மணிகள் வழியே செலுத்துகிறது. அவை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் பிராண வாயுவாக வெளியே வருகிறது. தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. ஆனால் கரண்ட் வேண்டும். அதற்காகத்தான் கூடத்து மூலையில் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு சிலிண்டர். 'பி' டைப் என்பார்கள். நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120. பன்னிரண்டரை மணி நேரம் வரும். இந்தக் கணக்கை நான் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பெரியம்மா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விறகு அடுப்பு இப்போது அணைந்துவிட்டது. மீன் குழம்பு மட்டும் காஸ் அடுப்பில் ருசிக்கவில்லை என்று அண்ணன் முணுமுணுக்கிறான். அவன் முணுமுணுக்கட்டும்.

நான் சென்னைக்கு வந்த மறு வாரம் ஐப்பசி மழை. உப்பூரில் கரண்ட் போய்விட்டது என்று கேள்விப்பட்டுப் பதறிப்போய்ப் போன் செய்தேன். பெரியம்மாவே எடுத்தாள்.

"மூணரை மணி நேரமா சிலிண்டர்லதான் ஓடுது. இன்னும் ஒம்பது மணி நேரம் வரும். நீ திருகைத் தொடாம இருந்தாச் சரி" என்றாள்.